இரண்டாவது பிரேக்

சிவநேசத்தின் கார் ஓட்டப் பரீட்சை திங்கட்கிழமை காலை எட்டு மணி பதினைந்துக்கு.

அது நான்காவது தடவை. முதல் மூன்று தடவையும் ஒரே காரணத்துக்காகச் சித்தியடையவில்லை. மெதுவாகப் போகிறாள், பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல். மூன்று பரீட்சகர்கள், மூன்று தாள்கள், ஒரே வசனம். மூன்றாம் தடவை சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுப் புறப்பட்டாள். பரீட்சகர் இறங்கிப்போய்ச் சில்லைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பதற்றத்தில் இன்னும் மெதுவாகப் போனாள்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உள்ளே துப்புரவு செய்யும் வேலை சரிவந்திருந்தது. வேலை அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும். சென்ட் லோரன்டில் அவள் இருக்கும் தெருவிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர ஒழுங்கான பஸ் இல்லை. ஏப்ரல் முதலாம் திகதி லைசென்ஸோடு வா, இல்லாவிட்டால் வேறு ஆளை எடுப்போம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையைத் தவறவிட்டால் அடுத்த பரீட்சை யூனில்தான்.

இதுவரை அவளை எங்கும் ஏற்றிப் போவது மருமகன். ஏற்றும்போது குத்தலாக ஒன்று சொல்வார். இறக்கும்போது இன்னொன்று சொல்வார்.

அவளுக்குக் கார் பழக்கியவள் மாக்கிரட். மன்னார்க்காரி, ஐம்பது வயது. இருபத்திரண்டு வருடமாக ஒரே தொழில். சென்ட் லோரன்டில் கார் ஓடும் தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் அவளிடம் பழகியவர்கள். பழகுகிறவர் சாரதி இருக்கையில் இருப்பார். பக்கத்தில் மாக்கிரட். அவளுடைய காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். அவளுடைய வலது கால் எந்நேரமும் அதற்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கும்.

கோயிலில் ஆண்கள் அவளை நாற்பது ரீச்சர் என்பார்கள். நகரத்துத் தெருக்களில் நாற்பதுதான் வேக வரம்பு. மாக்கிரட் நாற்பத்தொன்றில் போய் யாரும் கண்டதில்லை. அவள் கோபிப்பதில்லை. விதி மீறிப் பழக்குகிறவளின் லைசென்ஸில் ஒரு புள்ளி போனாலும் கார் பழக்கும் பள்ளிக்கூடம் கேள்வி கேட்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புள்ளியும் போகவில்லை.

மார்ச் நடுப்பகுதியில் அவள் ஜேர்மனிக்குப் போக வேண்டியிருந்தது. காஸல் நகரத்தில் இருக்கும் தம்பி அல்பேட் வேலைத்தலத்தில் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். போவதற்கு முதல்நாள் சிவநேசம் கேட்டாள்.

"ரீச்சர், பரீட்சைக்கு முதல் வந்திடுவியளோ?"

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்திறங்கிடுவன்."

"வராட்டி?"

"வராட்டிப் பள்ளிக்கூடத்தில இருந்து வேற ஆள் காரோட வரும், அக்கா."

"வேற ஆள் வந்தா நான் கதவு திறக்க மாட்டன்."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை.

*

மாக்கிரட் இரண்டு கிழமை காஸலில் இருந்தாள். தன்னுடைய கைபேசியை மொன்றியல் நேரத்திலேயே விட்டிருந்தாள். பழகுகிறவர்கள் அழைப்பார்கள், பாடங்களுக்கு நேரம் குறிக்க வேண்டும். பிழை வரக் கூடாது. ஜேர்மனி நேரம் வேண்டுமென்றால் ஐந்தைக் கூட்டினாள். கனடாவில் கோடைக்காக மணிக்கூட்டை மார்ச் தொடக்கத்திலேயே ஒரு மணித்தியாலம் முன்தள்ளிவிடுவார்கள். ஜேர்மனியில் மாதக் கடைசி ஞாயிறுதான் தள்ளுவார்கள். இடையில் வரும் மூன்று கிழமைக்கு மட்டும் வித்தியாசம் ஐந்து. அதற்குப் பிறகு ஆறு.

அந்தக் கடைசி ஞாயிறன்று அவள் ஐந்தைத்தான் கூட்டினாள்.

அல்பேட்டின் கைபேசி படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. குசினிச் சுவரில் இருந்த மணிக்கூட்டை யாரும் தொடவில்லை. அதுவும் மாக்கிரட்டின் கணக்கும் அச்சொட்டாகப் பொருந்தின. அக்காவும் தம்பியும் ஆறுதலாக இடியப்பம் சாப்பிட்டார்கள். பெட்டியை நிறுத்துப் பார்த்து, இரண்டு சொக்கிளேற் பெட்டியை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தார்கள். ரெயில் பத்து இருபதுக்கு. விமானம் பிராங்க்பேர்ட்டிலிருந்து ஒன்றரைக்கு.

சுவரில் ஒன்பது முப்பத்தெட்டு ஆனபோது அல்பேட்டின் மனைவி யோசெப்பின் குருத்தோலையோடு உள்ளே வந்தாள். அயலவரின் காரில் குருத்தோலை ஞாயிறுப் பூசைக்குப் போனவள்.

"என்ன மச்சாள், அதுக்குள்ள பூசை முடிஞ்சுதோ?" என்றாள் மாக்கிரட். "இண்டைக்கு யேசுவின்ர பாடுகள் வாசிக்கேல்லையோ?"

"முழுக்க வாசிச்சது. கால் உளையுது." யோசெப்பின் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மாக்கிரட்டைப் பார்த்தாள். "நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். யோசெப்பின் தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். பத்து முப்பத்தெட்டு.

மாக்கிரட் தன் கைபேசியை எடுத்து ஆறைக் கூட்டிப் பார்த்தாள்.

"அடுத்த ரெயில்?" என்றாள் மாக்கிரட்.

அல்பேட் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஒண்டு பத்துக்குத் தான் கொண்டுபோய் விடும். பன்னிரண்டரைக்குப் பெட்டி எடுக்கிறதை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"நாளைக்குப் போகலாம் தானே, மச்சாள்," என்றாள் யோசெப்பின்.

"நாளைக்குப் போனா அந்த மனிசி கதவு திறக்காது."

யோசெப்பினுக்கு விளங்கவில்லை. மாக்கிரட் விளங்கப்படுத்தவும் இல்லை. கதவடியில் கொளுவியிருந்த கார்ச் சாவியைப் பார்த்தாள். அது அல்பேட்டின் மகள் ஜெசிக்காவின் கார். சின்னச் சிவப்புக் கார், பெரிய எஞ்சின், பின்னால் இரண்டு புகைக்குழாய். ஜெசிக்கா ஆஸ்பத்திரியில் தாதி. அன்று வேலைக்கு ட்ராமில் போயிருந்தாள். அல்பேட்டுக்குக் கை மாவுக்கட்டில். யோசெப்பினுக்கு ஓடத் தெரியாது.

ஜெசிக்காவை அழைத்தார்கள். அவளுக்குப் பேச நேரமில்லை.

"எடுங்கோ மாமி. கியர் தெரியுமோ?"

"நான் பழகினதே கியரில தான்."

"ஆறு இருக்கு. ஆறையும் பாவியுங்கோ."

*

மாக்கிரட் சாரதி இருக்கையை முன்னே இழுத்தாள். மூன்று கண்ணாடியையும் சரிப்படுத்தினாள். தன் இருக்கைப் பட்டியைப் போட்டாள். அல்பேட்டின் பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"அக்கா, பிளேன் போகப்போகுது."

"அரை நிமிசம்."

மணி பத்து நாற்பத்தேழு. அல்பேட்டின் கைபேசி வழியைக் காட்டியது. போய்ச் சேரும் நேரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

"இருபத்தொரு நிமிசம் பிந்துது," என்றான் அல்பேட். "உன்ர ஓட்டத்துக்கு உயிர்த்த ஞாயிறுக்குப் போய்ச் சேருவம்."

நகரத்துக்குள் ஐம்பது என்று போட்டிருந்தது. அவள் ஐம்பதில் போனாள். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியதும் நூற்றிருபது. அவள் நூற்றிருபதில் போனாள். பிறகு வேலை நடக்கும் இடம் ஒன்று வந்தது. எண்பது. அவள் எண்பதில் போனாள். இடது பக்கத்தால் எல்லோரும் அவளைக் கடந்தார்கள். பின்னால் வந்த ஒருவன் வெளிச்சத்தை அடித்தான்.

"அக்கா, இதில ஒருத்தரும் எண்பதில போறேல்லை."

"எண்பது எண்டு போட்டிருக்கு."

"ஐம்பத்திமூண்டு எண்டு காட்டுது இப்ப. முந்தி ஐம்பத்தொண்டு."

"எனக்குக் கண் தெரியும்."

வீதியோரம் வேகம் பிடிக்கும் சாம்பல் நிறக் கமெராப் பெட்டி ஒன்று இரண்டு தடவை மின்னியது. வெளிச்சம் அடித்தவனுக்குத்தான் அது விழுந்தது. அல்பேட் வாயை மூடிக்கொண்டான்.

வேலை இடம் முடிந்தது. அதன் முடிவில் வெள்ளை வட்டம் ஒன்று நின்றது. குறுக்கே கறுப்புக் கோடுகள். அல்பேட் இடது கையால் அதைக் காட்டினான்.

"இனி வரம்பில்லை. உன்ர விருப்பம்."

"சட்டமோ?"

"சட்டம் தான்."

மாக்கிரட் கியரை நான்குக்கு இறக்கிக் காலை ஊன்றினாள்.

கார் பாய்ந்தது. நூற்றிருபது, நூற்றைம்பது. ஐந்தாவது கியர். நூற்றெழுபதில் அல்பேட் பல்லுக்குள்ளால் மூச்சை இழுத்தான். மாக்கிரட்டின் கால் எழும்பியது. வேகமானியின் முள் நூற்றைம்பதுக்கு வந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். நூற்றெழுபது. அல்பேட் கால் இரண்டையும் தரையில் ஊன்றினான். அவளுடைய கால் மறுபடி எழும்பியது. சாலையில் ஒன்றுமில்லை. வலது பக்கத்தில் காடு, முன்னே வெறுமை. ஞாயிற்றுக்கிழமை லொறிகளும் ஓடுவதில்லை. அவளுக்குப் பயமும் இல்லை. ஆனாலும் கால் எழும்பியது.

நான்காம் தடவைதான் அவள் அதைக் கவனித்தாள். அவன் இழுத்த மூச்சு அவளுடைய காலுக்குப் போகிறது. இடையில் ஒருவரையும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடம், எத்தனை பெண்கள் தன்னுடைய காலைக் கேட்டுக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று யோசித்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்தினாள். நேரமில்லை.

"தம்பி, கண்ணை மூடு."

"என்னத்துக்கு?"

"கண்ணை மூடிச் செபமாலை சொல்லு. சத்தம் வேண்டாம். காலைத் தூக்கி வை. அங்க பிரேக் இல்லை."

"பேந்து நான் எப்பிடி வழி சொல்ல—"

"மூடடா."

சின்ன வயதுக்குப் பிறகு அவள் அவனை அப்படிச் சொன்னதில்லை. அல்பேட் கண்ணை மூடினான். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தான்.

நூற்றெண்பது. ஆறாவது கியர். இருநூறு.

பழகுகிறவர்களுக்கு அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. முன்னால் போகிற காரைப் பார்க்காதே, அதற்கு முன்னால் போவதைப் பார். மொன்றியலில் நாற்பதில் போகும்போது அது வெறும் பேச்சு. அங்கே முன்னால் போவது எப்போதும் ஒரு பஸ். இங்கே அவள் அரை மைலுக்கு அப்பால் பார்த்தாள். அங்கே போகும் காரின் பிரேக் வெளிச்சம் சிவந்தால் அவளுடைய கால் முதலே இலேசானது. கண்ணாடி, கண்ணாடி, தோள். தோளுக்கு மேலால் பார்த்து முந்தினாள். வலப்பக்கம் வந்தாள். மறுபடி கண்ணாடி, கண்ணாடி, தோள். எல்லாம் தெரிந்த வேலைதான். வேகம் மட்டும் புதிது.

இடது நிரலில் பெரிய சாம்பல் நிறக் கார் ஒன்று போய்க்கொண்டிருந்தது. விலை கூடிய கார். மாக்கிரட் அதற்குப் பின்னால் போதிய இடம் விட்டு வந்தாள். வெளிச்சம் அடிக்கவில்லை. அந்தக் கார் சமிக்ஞை போட்டு வலப்பக்கம் ஒதுங்கியது.

அவளுக்கு அது உடனே விளங்கவில்லை. சென்ட் லோரன்டில் கூரையில் பலகை வைத்த பழகுகார் அவளுடையது. பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், கையைக் காட்டுவார்கள், அவள் பார்க்கத் தகாத விரலையும் காட்டுவார்கள். வழி விட்டவர் இல்லை. அவள் பெரிய காரைக் கடந்தாள். கடக்கும்போது மறக்காமல் தலையாட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டில் அதை யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

"என்ன நேரம் காட்டுது?"

அல்பேட் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "முப்பத்தெட்டு." கண் முள்ளுக்குப் போனது. "மாதாவே."

"மூடு."

ஒரு ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கியது. தூரத்தில், வலது நிரலில், சின்ன வீடு போன்ற வெள்ளைக் கரவன் ஒன்றை இழுத்துக்கொண்டு கார் ஒன்று போனது. அதற்கு முன்னால் இன்னும் மெதுவாக ஒரு பழைய வான். இரண்டுக்கும் இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. கரவன்காரன் சமிக்ஞை போடவில்லை. மாக்கிரட் அதற்குக் காத்திருக்கவில்லை. காலை எடுத்துப் பிரேக்கை மெல்ல அழுத்தினாள். நூற்றுத் தொண்ணூறு, நூற்றறுபது, நூற்றிருபது. அப்போதுதான் கரவன் ஒரு கேள்வியும் கேட்காமல் இடது பக்கம் வெளியே வந்தது. அவளுக்கும் அதற்கும் இடையில் ஒரு வீட்டுவளவு அளவு இடம் இருந்தது.

"என்ன? என்ன நடந்தது?" அல்பேட் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்டுமில்லை. செபமாலையில எங்க நிக்கிறாய்?"

"நாலாம் காரணிக்கத்தில."

"விடாமச் சொல்லு."

கரவன் வானைக் கடந்து வலப்பக்கம் திரும்பியது. மாக்கிரட் கியரை இரண்டு தடவை இறக்கினாள்.

கீஸன் நகரம் தாண்டியபின் சாலை அகன்றது. நான்கு நிரல், நேர்கோடு, வெயில். இன்னொரு வெள்ளை வட்டம். போய்ச் சேரும் நேரம் முப்பத்துமூன்று என்று நின்றது. இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் பிடிக்க வேண்டும். அவள் காலை அடிவரைக்கும் ஊன்றி அங்கேயே வைத்தாள்.

இருநூற்றிருபது. இருநூற்று முப்பது. கார் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. சுக்கானை விரல்களால் பிடித்தாலே போதுமாயிருந்தது. இறுக்கினால் அதற்குப் பிடிக்கவில்லை. இருநூற்று நாற்பத்தொன்றில் முள் நின்றது. அந்தச் சின்னக் காரிடம் அதற்கு மேல் இல்லை. அவளிடம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அக்கா," என்றான் அல்பேட். "நீ சிரிக்கிறாய்."

"கண்ணை மூடு எண்டெல்லோ சொன்னனான்."

"மூடித்தான் இருக்கிறன். கேக்குது."

விமான நிலையப் பலகை வந்தது. நூற்றிருபது. அவள் நூற்றிருபதுக்கு வந்தாள். நூறு. நூறு. அறுபது. அறுபது. தரிப்பிடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தாள். பன்னிரண்டு இருபத்துநான்கு.

பெட்டியை அல்பேட் இடது கையால் இழுத்துக்கொண்டு ஓடினான். கவுண்டரில் இருந்த பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள், மாக்கிரட்டைப் பார்த்தாள், பெட்டியை எடுத்துத் தராசில் வைக்கச் சொன்னாள். இருபத்துமூன்று கிலோ. சரியாக.

"ஜெசிக்கா வேலை முடிஞ்சு ரெயிலில வந்து காரை எடுப்பாள்," என்றான் அல்பேட். "அதுவரைக்கும் நான் இதில குந்தியிருக்கிறன். ஒண்டும் யோசியாதை." அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "மொன்றியலில இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பாயினம் அக்கா. கோயில் ஆக்களுக்கு நான் எடுத்துச் சொல்லட்டோ?"

"ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றாள் மாக்கிரட். அவனுடைய மாவுக்கட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மாக்கிரட் சிவநேசத்தின் வீட்டு வாசலில் நின்றாள். ஓரத்தில் குவிந்திருந்த பனி கறுத்துப்போய்க் கிடந்தது. சிவநேசம் நெற்றி நிறையத் திருநீறோடு கதவைத் திறந்தாள்.

"வந்திட்டியள்."

"வருவன் எண்டு சொன்னனான் தானே. ஏறுங்கோ. இண்டைக்கு ஹைவேயில போவம்."

"பரீட்சைக்கு முதலோ?" சிவநேசம் கார்ச் சாவியை வாங்காமல் நின்றாள். "நாங்கள் எப்பவும் உள்தெருவால தானே போறனாங்கள்."

"ஓம். அது என்ர பிழை."

சிவநேசம் சாவியை வாங்கினாள். சாரதி இருக்கையில் ஏறினாள். நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் அவள் ஐம்பதுக்கு இறங்கினாள். சுக்கானை இறுக்கிப் பிடித்திருந்தாள். இடது பக்கம் லொறிகள் இரைந்துகொண்டு போயின.

"அக்கா, என்ர காலைப் பாருங்கோ."

"றோட்டைப் பாக்கிறதோ காலைப் பாக்கிறதோ?"

"ஒருக்காக் காலைப் பாத்திட்டு றோட்டைப் பாருங்கோ."

சிவநேசம் பார்த்தாள். மாக்கிரட்டின் இரண்டு காலும் இருக்கைக்குக் கீழே மடங்கியிருந்தன.

"ரீச்சர், பிரேக்கில கால் இல்லை."

"இல்லை."

"ஏன்?"

"நீங்கள் தானே ஓடுறியள்."

பிறகு மாக்கிரட் றோட்டை மட்டும் பார்த்தாள். மூச்சைச் சீராக விட்டாள். கைகளை மடியில் வைத்திருந்தாள். அது இருநூற்று நாற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. சிவநேசத்தின் கால் கீழே போனது. அறுபத்தைந்து. எண்பது. பின்னால் ஒரு லொறி தூரத்தில் வந்தது. கண்ணாடி, கண்ணாடி, தோள். தொண்ணூற்றைந்து. அவள் உள்ளே நுழைந்தாள். யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. கார் வரம்பான நூறில் நின்று, அங்கேயே போனது.

இரண்டு வெளியேறும் வழிகளைத் தாண்டியபின் சிவநேசம் பெருமூச்சு விட்டாள். "இவ்வளவுதானோ?" என்றாள்.

எட்டு பதினைந்துக்குப் பரீட்சகர் வந்தார். கம்பளித் தொப்பி போட்ட மெலிந்த மனிதர். போன்ஜூர் என்று சொல்லி ஏறிக்கொண்டார். மாக்கிரட் பரீட்சை நிலையத்துக்குள்ளே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். சுவரில் மணிக்கூடு இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டுக்குச் சிவநேசம் வாசலால் வந்தாள். தாளை மாக்கிரட்டின் கையில் கொடுத்தாள். சித்தி. கீழே பிரெஞ்சில் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தது. மாக்கிரட் அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"என்ன எழுதிக் கிடக்கு? அந்தாள் சிரிச்சுக்கொண்டு தான் எழுதினது."

"ஒரு இடத்தில கொஞ்சம் வேகம் கூடிப்போச்சாம். கவனமாம்."

"ஆர், நானோ?"

"நீங்கள் தான்."

சிவநேசம் தாளைத் திருப்பி வாங்கி, நெஞ்சோடு ஒருமுறை அணைத்து, பிறகு கவுண்டரில் வைத்துப் படம் எடுத்தாள். விமான நிலைய மேற்பார்வையாளருக்கு அனுப்பினாள். மகளுக்கு அனுப்பினாள். மருமகனுக்கு அனுப்பவில்லை.

"அவர் றோட்டில காணட்டும்," என்றாள்.

வெளியே வந்ததும் யாரையும் கேட்காமல் சாரதி பக்கத்துக்குப் போனாள். இருக்கையை இழுத்தாள், கண்ணாடிகளைப் பார்த்தாள், பட்டியைப் போட்டாள். மாக்கிரட் பக்கத்தில் ஏறிக் கால்களை மடித்துக்கொண்டாள். கார் தெருவுக்கு இறங்கி, அடுத்த சமிக்ஞை விளக்கில் கேட்காமலே நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. வளைவில் சிவநேசம் காலை ஊன்றினாள். தொண்ணூறு. நூறு. கொஞ்சத் தூரம் அப்படியே போனாள். முன்னால் போகிற காரைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், நூறுக்கு மேல ஓட விடுற இடம் எங்கயும் இருக்கோ?"